சுப்புராயனின் கடைசி எபிசோடு

கள்ளக்குறிச்சியில் சுப்புராயன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கேபிள் சுப்புராயன் என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, உயிரோட இருந்த பொண்ண செத்துட்டான்னு டிவியில போட்டானே, அவனா?" என்பார்கள். அந்த உயிரோடு இருந்த பெண் நான்தான். என் பெயர் செவ்வந்தி. அவரைத் திட்டுவதற்கு இந்த ஊரில் யாருக்காவது உரிமை இருக்கிறது என்றால் அது எனக்கும் அவர் மனைவி தங்கமணிக்கும்தான். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். இருக்கமாட்டார்கள் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சுப்புராயன் அண்ணன் மணலூர்பேட்டைக்காரர். வீட்டில் நெல்லும் கரும்பும் போட்டார்கள். வயலில் இறங்கச் சொன்னால் இறங்காமல், எலக்ட்ரீஷியன் வேலை படித்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் நாராயணசாமி நடத்திய லோக்கல் கேபிளுக்குக் கம்பம் ஏற வந்தார். கம்பத்தில் ஏறினால் இறங்க மாட்டார். மேலேயே உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே டிவி தெரியாமல் நிற்கிற வீட்டுக்காரர்கள் கத்துவார்கள்.

இவருக்கு விஞ்ஞானக் கதைப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று நானே ஒருமுறை கேட்டேன். சின்ன வயதில் பெண்ணையாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் மணல்தான் இருக்குமாம். தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்களாம். மேலே அணை கட்டிவிட்டார்கள், மணலை அள்ளிவிட்டார்கள், மழை கம்மி என்று.

"அதெல்லாம் நெசந்தான் செவ்வந்தி. நெசத்த சொன்னா எவன் கேக்குறான்? தண்ணிய மேல வானத்துக்கு எவனோ இஸ்துக்கினு போறான்னு சொல்லிப் பாரு. அப்பதான் தலைய தூக்கிப் பாப்பான்."

இதுதான் அவருடைய 'மேலே போன ஆறு'. எங்கள் லோக்கல் சேனலில் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வந்த தொடர். கதை, வசனம், தயாரிப்பு எல்லாம் அவரேதான். தயாரிப்பு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். தங்கமணி அண்ணி கட்டிக் கொடுக்கும் தக்காளிச் சோற்றைப் பத்துப் பேருக்குப் பங்கு வைப்பதும், கல்யாண வீடியோ எடுக்கும் பையன்களைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வருவதும்தான் தயாரிப்பு.

நான் அந்தச் சேனலில் அறிவிப்பாளராக இருந்தேன். பிறந்தநாள் வாழ்த்து, தங்கம் விலை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் குரலில்தான் வரும். இந்தக் கண்ணீர் அஞ்சலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் யார் செத்தாலும் போட்டோவைக் கொண்டுவந்து நாராயணசாமியிடம் கொடுப்பார்கள். போட்டோவைச் சுற்றி ஒரு மாலை வரைந்து, இரண்டு பக்கமும் எரிகிற விளக்கு வைத்து, ஒரு நாயன இசையோடு நாள் முழுக்க ஓட்டுவோம். அந்த நாயனம் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையில் எடுத்த சோற்றோடு டிவி பக்கம் திரும்புவார்கள். நம் ஆளா, வேறு ஆளா என்று முகத்தைப் பார்ப்பார்கள். நம் ஆள் என்றால் உடனே வண்டி பிடிப்பார்கள். பெயரைப் படிக்கிற வழக்கம் கிடையாது, முகம் போதும்.

தொடரில் நான்தான் கதாநாயகி. எழில்மதி என்ற பொறியாளர். வருங்காலத்தில் ஒருநாள் பெண்ணையாறு ஒரே இரவில் காணாமல் போகும். எழில்மதி தேடிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போவாள். அங்கே காட்டுக்குள் ஒரு கதவு இருக்கும். அதன் வழியாக வேறு கிரகத்துக்காரர்கள் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். திருடவில்லை, கீழே இருக்கும் நம் ஆட்களே விற்றிருப்பார்கள். கடைசியில் எழில்மதிக்கு ஒரு விஷயம் தெரியவரும். கதவை உள்ளே இருந்துதான் மூட முடியும். மூடினால் ஆறு திரும்பி வரும், மூடியவள் திரும்பி வர முடியாது. அவள் மூடுவாள். ஆற்றில் தண்ணீர் வரும். ஊரே ஓடிப்போய்க் குளிக்கும், கும்மாளம் போடும். எழில்மதி எங்கே என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதுதான் கடைசி எபிசோடு. மொத்தக் கதையையும் அந்த ஒரு முடிவுக்காகத்தான் எழுதினேன் என்று அண்ணன் சொல்வார்.

நாராயணசாமியின் கேபிள் கண்ட்ரோல் ரூம் மொட்டைமாடியில் பழுதாகிக் கிடந்த பெரிய டிஷ் ஆன்டெனாவை டிராக்டரில் ஏற்றி கல்வராயன் மலை மேலே இருக்கிற வெள்ளிமலைக்குக் கொண்டுபோனோம். அதுதான் வேறு கிரகத்துக் கதவு. உர மூட்டைப் பையின் உள்பக்கத்தைத் திருப்பி வெள்ளி பெயின்ட் அடித்தால் விண்வெளி உடுப்பு. முகத்துக்கு எக்ஸ்ரே பிலிம். என் முகத்துக்கு முன்னால் யாரோ ஒருவருடைய விலா எலும்பு தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் ஓடச் சொன்னால் எதிரே இருக்கிற பலாமரம் கூடத் தெரியாது. இரண்டு தடவை விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். ஊர் சிரிக்கவில்லை, பார்த்தது. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குத் தெருவில் ஆள் இருக்காது. பிள்ளைகள் எல்லாம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயை முகத்தில் கட்டிக்கொண்டு அலைந்தார்கள். காய்கறிக் கடையில் எனக்குக் கொத்தமல்லி சும்மா கிடைத்தது. "எழில்மதி, தண்ணி எப்பம்மா வரும்?" என்று கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில் எனக்குச் சங்கராபுரத்தில் ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். நிச்சயதார்த்தப் புடவை எடுக்க நானும் என் அம்மா ஜெயம்மாளும் ஒரு வியாழக்கிழமை கடைக்குப் போயிருந்தோம். மறுநாள் கடைசி எபிசோடு. அதற்கு விளம்பரமாக அண்ணன் ஒன்று செய்தார். எழில்மதி சாகப்போகிறாள் அல்லவா, அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டார். என் போட்டோ, சுற்றிலும் அதே மாலை, அதே விளக்கு, அதே நாயனம். கீழே 'எழில்மதி, பொறியாளர்' என்று எழுத்து. மத்தியானத்தில் இருந்து ஓட்டிக்கொண்டே இருந்தார். புத்திசாலித்தனமாகச் செய்வதாக நினைப்பு. வானத்தில் யார் தண்ணீர் இழுக்கிறார்கள் என்று தெரிந்த மனுஷனுக்கு, கீழே எந்த வீட்டில் யார் எதைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை.

நானும் அம்மாவும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினால் வீட்டு வாசலில் கூட்டம். தெருவில் பந்தல் போடக் கம்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள். திருக்கோவிலூர்ப் பக்கத்தில் இருந்து என் தாய்மாமன் சின்னராசு ஒரு வேன் நிறைய ஆட்களோடு, கோடித் துணியும் ஆளுயர மாலையும் எடுத்துக்கொண்டு வந்து, மண்ணில் புரண்டு அழுதுகொண்டிருந்தார். புடவைப் பையோடு நான் நிற்பதைப் பார்த்தவர் எழுந்து வந்து பளார் என்று ஒரு அறை விட்டார். சந்தோஷத்தில் அடித்ததாகப் பிறகு சொன்னார். பல் ஆடியதுதான் மிச்சம்.

பிறகு அந்த மாலைப் பஞ்சாயத்து. சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போகக் கூடாது. உயிரோடு இருக்கிறவளுக்குப் போடவும் முடியாது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக் கடைசியில் ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கண்ட்ரோல் ரூமுக்குப் போனாள். அவள் சுப்புராயன் அண்ணனைப் போட்ட போட்டில் நாராயணசாமி மேஜைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம்.

"நாளைக்கு எபிசோடும் கெடையாது, ஒரு மயிரும் கெடையாது" என்று நாராயணசாமி சொல்லிவிட்டார். சங்கராபுரத்தில் இருந்தும் சொல்லி அனுப்பினார்கள். மாலை போட்ட போட்டோ வந்துவிட்ட பெண்ணை எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது என்று மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சங்கடமாம். அவர்கள் சங்கடத்தை நான் என்ன செய்ய? அந்தப் புடவை பல வருஷம் மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடந்தது.

மறுநாள் சாயங்காலம் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நெற்றியில் துடைப்பக் கீறல்.

"தப்புதாம்மா" என்றார் அம்மாவிடம். "ஜெயம்மாக்கா, இன்னும் நாலு அடி வேணாலும் அடிச்சிடு. ஆனா அந்த எபிசோடு நல்லா வந்துருக்குது. ஒரு தபா வந்து பாரேன். உம் பொண்ணு இன்னாமா செஞ்சிருக்கு தெரியுமா?"

அம்மா கதவைச் சாத்தினாள். எனக்கும் அப்போது ஆத்திரம்தான். கல்யாணம் நின்றுபோன வீட்டு வாசலில் நின்றுகொண்டு எபிசோடு நன்றாக வந்திருக்கிறது என்கிற மனுஷனை என்ன செய்வது?

அண்ணன் சென்னைக்குப் போனார். போகும்முன் அந்தக் கடைசி எபிசோடு டேப்பை நாராயணசாமியிடம் கேட்டார். "கீதுய்யா, எங்க போவப் போவுது? நீ போயி ஜெயிச்சிட்டு வா" என்றார் அவர்.

சென்னையில் சீரியல் எடுக்கிற இடங்களில் டிஸ்கஷன் என்று ஒன்று உண்டு. ஒரு அறையில் பத்துப் பேரை உட்கார வைத்து, டீயும் போண்டாவும் கொடுத்து, கதை பேச வைப்பார்கள். அங்கே வாயைத் திறந்து சொன்னது எல்லாம் அந்த அறைக்குச் சொந்தம். யார் சொன்னது என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது. எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் இது. கம்பம் ஏறுகிறவருக்குத் தெரியவில்லை. கதையைக் கேட்க ஒரு கூட்டம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் 'மேலே போன ஆறு' முழுவதையும் ஒரு வரி விடாமல் சொல்லிவிட்டார். கடைசியில் எழில்மதி கதவை மூடுகிற இடத்தைச் சொன்னபோது அந்த அறையின் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். இதை அண்ணன் ஊரில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார்.

கண்ணைத் துடைத்தவர் மறுவாரம் கேட்டாராம். "வேற கிரகம்லாம் லேடீஸுக்குப் புரியாதுங்க. தண்ணிய நாகம்மா எடுத்துட்டுப் போறா. என்ன சொல்றீங்க?"

ஆறு நாகம்மாவிடம் போயிற்று. பொறியாளர் எழில்மதி பூசாரி மகளானாள். விண்வெளி உடுப்பு மஞ்சள் புடவையானது. கதவு புற்றானது. மருமகளை மாமியார் புற்றுக்குள் தள்ளிவிடுவாள். அந்தத் தொடர் வருஷக்கணக்கில் ஓடியது. கடைசியில் யாரும் சாகவில்லை, கதாநாயகிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. அண்ணன் அந்த அறையிலேயே உட்கார்ந்து, தன் கதையைத் தானே வெட்டிக்கொடுத்துக்கொண்டு, டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் கோபம் வருவது அந்த டீயை நினைத்தால்தான். எழுந்து வந்திருக்க வேண்டாமா?

அவர் பெயர் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். தொடர் முடிந்ததும் ஓடுகிற எழுத்துகளில், கதை விவாதக் குழு என்ற தலைப்பின் கீழ், பத்துப் பதினைந்து பெயர்களுக்கு நடுவில். அந்த எழுத்து ஓடும்போதே திரையைப் பாதியாகச் சுருக்கி, பக்கத்தில் அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரத்தைப் போட்டுவிடுவார்கள். தங்கமணி அண்ணி தினமும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு டிவி முன்னால் உட்காருவாள், அந்தப் பெயரைப் போட்டோ எடுக்க. எடுத்ததெல்லாம் வெறும் கோடு கோடாக இருக்கும். "இன்னா அவசரமோ இவுங்களுக்கு, ஒரு நிமிசம் நிறுத்த மாட்டேங்கிறாங்க" என்பாள். கடைசி வரை ஒரு போட்டோ அவளுக்குச் சரியாக விழவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சேனலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு ஒரு அரை மணி நேரம் கொடுத்தார்கள். 'தகர வாத்தியார்' என்று ஒரு ரோபோ. கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராக வரும். பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குத் தெரியாது என்று பதில் சொல்லத் தெரிந்த ஒரே வாத்தியார். எழுதியதும் அவர், தயாரிப்பு நிர்வாகமும் அவர். நன்றாகத்தான் இருந்தது, நான் பார்த்தேன். விளம்பரம் கொடுத்த கம்பெனி ரோபோ தங்கள் சத்து மாவைக் குடிக்க வேண்டும் என்றது. தகரம் எப்படிக் குடிக்கும் என்று அண்ணன் சண்டை போட்டார். முதல் தடவையாக வாழ்க்கையில் சண்டை போட்டார், அதையும் தப்பான இடத்தில் போட்டார். நிகழ்ச்சியைத் தூக்கிவிட்டு அந்த நேரத்தை ராசிக்கல் விற்கிற ஒருவருக்குக் கொடுத்தார்கள். தகர வாத்தியார் உட்கார்ந்த அதே நாற்காலியில் அவர் உட்கார்ந்து பலன் சொன்னார்.

அண்ணன் ஊருக்குத் திரும்பினார். தலை நரைத்து, சர்க்கரை வந்து, கருணாபுரம் தாண்டி ஒரு வாடகை வீட்டில் குடியேறி, பழையபடி ஒயர் வேலை. நான் அதற்குள் கல்யாணமாகி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தேன். கடைக்கு டியூப் லைட் மாட்ட வந்தவரைப் பார்த்துவிட்டு முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"எழில்மதி" என்றார்.

"ண்ணா, அந்தப் பேர இன்னொரு தபா சொன்னீங்க, ஏணியத் தள்ளி வுட்டுருவேன்" என்றேன். சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் எனக்கே எரிச்சலாக இருந்தது.

வந்த வேகத்தில் நாராயணசாமியிடம் போய் டேப்பைக் கேட்டிருக்கிறார். நாராயணசாமி தேடவே இல்லை. "அது மேலேயே எம் பேரன் காதுகுத்து எடுத்துட்டோம்யா" என்றாராம். கேபிள்காரர்கள் டேப்பை அப்படித்தான் செய்வார்கள், ஒன்றின் மேல் ஒன்றாக எடுத்துக்கொண்டே போவார்கள். அண்ணன் அந்தக் காதுகுத்தை வாங்கிக்கொண்டு போய் முழுவதும் ஓட்டிப் பார்த்திருக்கிறார், கடைசியில் ஒரு துண்டாவது மிஞ்சியிருக்குமா என்று. பந்தியில் பாயசம் ஊற்றுவதோடு டேப் முடிந்துவிட்டது.

"திரும்ப எடுத்துடலாம் செவ்வந்தி" என்றார். "அந்த ஒரு எபிசோடுதான். இப்பதான் போன்லயே எடுக்குறாங்களே. யூடியூப்புல நம்மளே போட்டுக்கலாம். எவனும் நிறுத்த முடியாது. எம் பேர நானே போட்டுக்குவேன்."

நான் ஒத்துக்கொண்டேன். அப்படி ஒத்துக்கொண்டு தேதி குறித்த சமயத்தில்தான் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்துச் சனங்கள் செத்தார்கள். சென்னையில் இருந்து எல்லா கேமராவும் எங்கள் ஊருக்கு வந்தன. எந்தத் தெருவில் பார்த்தாலும் கண்ணீர் அஞ்சலிப் பேனர். அண்ணன் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இப்ப வேணாம்மா. ஊரே எழவு வூடா கீது. இதுல நம்ம வேற சாவக் காட்டிக்கினு இருக்கக் கூடாது. அன்னைக்கு எனக்குப் புரியல. இப்ப புரியுது."

இத்தனை வருஷம் கழித்துப் புரிந்தது. புரிந்து என்ன ஆகப்போகிறது?

அந்த வருஷக் கடைசியில் புயல் மழையில் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தது. கேட்டபோதெல்லாம் வராத தண்ணீர், கரும்பையும் வாழையையும் வாரிக்கொண்டு கரை தாண்டி வந்தது. அண்ணனுக்கு அவர் அப்பா வைத்துவிட்டுப் போன துண்டு நிலமும் மணல் மூடிப்போயிற்று. சொந்த நிலம் போவதைப் பார்க்கிறவர் அழ வேண்டும் அல்லவா? இவர் போனைத் தூக்கிப் பிடித்து வெள்ளத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கரையில் நின்று கத்திக் குதித்து வேடிக்கை பார்க்கிற சனங்களையும் எடுத்தார். கடைசிக் காட்சி கிடைத்துவிட்டதாம்.

பொங்கல் முடிந்து என்னைக் கூட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனார். பஸ்ஸில்தான். தங்கமணி அண்ணி பழையபடி தக்காளிச் சோறு கட்டியிருந்தாள். வெள்ளிமலைக்குப் பக்கத்தில், அன்றைக்குத் திருப்பிக் கொண்டுவர முடியாமல் போட்டுவிட்டு வந்த அந்த டிஷ் ஆன்டெனா இன்னும் இருந்தது. ஒரு வீட்டுக்காரர்கள் அதைக் கோழிக் கூண்டுக்கு மூடியாக வைத்திருந்தார்கள். கேட்டதும் கோழிகளை வேறு இடத்தில் அடைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள். நான் நரைத்த தலையோடு அதே கதவை மூடினேன். வசனம் எதுவும் இல்லை. மூடுவதற்கு முன்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

"உன்ன யாராவது கூப்புடுறாங்களான்னு பாரு. யாரும் கூப்புட மாட்டாங்க."

அங்கே வைத்து, டிஷ் பக்கத்தில் அவரை நிற்க வைத்து என் போனில் ஒரு போட்டோ எடுத்தேன். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார்.

ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒட்டி, யூடியூப்பில் ஏற்றி, வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தானாக வெளியாகும்படி வைத்துவிட்டார். ஊரில் இருக்கிற வாட்ஸப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார். 'பல வருடங்களுக்குப் பிறகு கடைசி எபிசோடு' என்று. இந்த முறை அஞ்சலி, கிஞ்சலி எதுவும் போடவில்லை. பயந்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு வீட்டில் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏணியில் இருந்து இறங்கி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் போய்விட்டார்.

சொல்லி அனுப்ப வேண்டும். இப்போது டிவியில் யாரும் பார்ப்பதில்லை, எல்லாம் வாட்ஸப்தான். நான்தான் கண்ணீர் அஞ்சலி தயார் செய்தேன். போட்டோ வேறு இல்லை. மலையில் நான் எடுத்ததுதான் இருந்தது. எவ்வளவு வெட்டினாலும் பின்னால் அந்த டிஷ்ஷின் விளிம்பு தெரிந்தது. பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று அண்ணியிடம் கேட்டேன். எலக்ட்ரீஷியன் என்று போட நினைத்தேன்.

"எழுது" என்றாள். அழுகை நின்று குரல் கரகரவென்று இருந்தது. "மேலே போன ஆறு தொடரின் கதாசிரியர், தயாரிப்பாளர், மணலூர்பேட்டை சுப்புராயன். பெருசா எழுது. ஒரு தபாவாவது எல்லாரும் அவர் பேரப் படிக்கட்டும்."

அப்படியே எழுதினேன், பெரிதாக. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பதில் வர ஆரம்பித்தது. முதலில் ஒரு கட்டைவிரல். பிறகு சிரிக்கிற பொம்மைகள். 'அண்ணன் பழைய டெக்னிக்க விடல பாரு.' 'நாளைக்கு எட்டு மணிக்கு கண்டிப்பா பாக்குறேன்ணே.' 'இந்த தபா அவரே செத்துட்டாரா, சூப்பர்.' நான் ஒவ்வொருவருக்கும் நிஜம்தான், நிஜம்தான் என்று எழுதினேன். அதற்கும் சிரித்தார்கள். எழில்மதி சொன்னால் யார் நம்புவார்கள்?

சின்னராசு மாமாவுக்கு நானே போன் போட்டேன். "ஒரு தபா வேன் புடிச்சிக்கினு வந்து மண்ணுல உருண்டேன். போதும் தாயீ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உடலை எடுத்தோம். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், மணலூர்பேட்டையில் இருந்து அவர் தம்பி, நான், என் வீட்டுக்காரர். ஊர் வரவில்லை. பாடை தூக்க ஆள் போதாமல் வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். மாலை என்று பார்த்தால் மூன்றோ நாலோ. நாராயணசாமி அந்த வழியாகத்தான் பைக்கில் போனார். ஷூட்டிங் என்று நினைத்துக் கை காட்டிவிட்டுப் போனார். பொய் இல்லை, நான் பார்த்தேன்.

எட்டு மணிக்கு அவர் வைத்துவிட்டுப் போனபடி அது தானாக வெளியானது. ஊரே பார்த்தது. செத்தவர் எப்படித் திரும்பி வருகிறார் என்று பார்க்க எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவர் வாழ்நாளில் கிடைக்காத கூட்டம். கீழே கருத்துகள் குவிந்தன. பாராட்டு, கைதட்டல், ஆறு திரும்பி வருகிற இடம் அருமை என்று எத்தனையோ பேர். 'டைரக்டர் எங்க, வெளிய வாங்க பாஸ்' என்று ஒருவர். நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணி சுடுகாட்டுக்குப் போய்வந்த ஆண்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நிஜம் என்று ஊருக்குத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. தெரிந்ததும் ஒருவர் ஒருவராக அந்தச் சிரிக்கிற பொம்மைகளை அழித்தார்கள். நேரில் யாரும் வரவில்லை, வந்து என்ன சொல்வார்கள்?

பால் தெளிக்கும் அன்றைக்குச் சின்னராசு மாமா வந்தார். கையில் மாலை இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் படத்த காட்டு" என்றார். போனைக் கொடுத்தேன். கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு முழுவதையும் பார்த்தார். நான் கதவை மூடுகிற இடத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு எனக்காக அழுத அதே அழுகை.

"பாவி மக்கா, தண்ணி வந்துச்சின்னு குதிக்கிறானுங்களே. அந்தப் பொண்ணு எங்கன்னு ஒருத்தன் கேக்குறானா பாரு" என்றார்.

தங்கமணி அண்ணி டீ டம்ளரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அவரு எங்கன்னு நீங்க யாருங்க கேட்டீங்க?" என்றாள்.

அண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாமா கையில் இருந்த போனை வாங்கினாள். விரலால் தள்ளித் தள்ளிப் படத்தை ஆரம்பத்துக்குக் கொண்டுபோனாள். 'கதை, வசனம், தயாரிப்பு: மணலூர்பேட்டை சுப்புராயன்' என்று எழுத்து வந்த இடத்தில் தொட்டு நிறுத்தினாள். நின்றது. எங்கள் யாருக்கும் காட்டாமல், சுவர் பக்கமாகத் திரும்பி நின்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.